சக்கரத்தில் அறுபத்து மூன்று பேர்

தங்கையா பயந்த சுபாவக்காரன். பூச்சி பொட்டுக்குப் பயப்படுகிற ரகமில்லை. தேயிலைத் தோட்டத்துப் பேக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷினின் வார் அறுந்து சாட்டையாய்ச் சுழன்றால், எல்லோரும் வெளியே ஓடும்போது உள்ளே ஓடிப்போய் இஞ்சினை நிறுத்துகிறவன் அவன்தான். அவன் பயமெல்லாம் காகிதத்தின் மேல். கணக்கு எழுதுகிற கிராணி பேரேட்டைப் புரட்டிப் பேர் கூப்பிட்டால், வாசலில் போலீஸ்காரன் அடையாளக் கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அவன் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வான். அப்படிப்பட்டவன் அறுபத்து மூன்று பேரிடம் கைநாட்டு வாங்கி வானொலிக்கு மனுப் போட்டான் என்றால், அதைக் கிறுக்கு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? ஆசை வந்தால் மனுஷனுக்குப் பயம் மறந்துபோகிறது. மறந்த பயம் எங்கும் போவதில்லை, பிறகு மொத்தமாக வந்து சேருகிறது.

அவன் கிறுக்கு மூன்று சக்கர மோட்டார் பந்தயம். ஒரு மோட்டார் சைக்கிள், அதன் பக்கவாட்டில் ஒட்டிய ஒரு பலகை, பலகைக்கு அடியில் மூன்றாவது சக்கரம். சைட்கார் என்பார்கள். ஒருவன் ஓட்டுவான். இன்னொருவன் பலகையில் படுத்துக்கொண்டு, வளைவு வரும்போது உடம்பை வெளியே தொங்கவிட்டு வண்டி கவிழாமல் பிடிப்பான். ஈப்போவில் ஒரு பழைய ஈயக் குட்டையைச் சுற்றி மண் பாதையில் இந்தப் பந்தயம் நடந்தது. இப்படி ஒன்று இருப்பதே நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. தங்கையாவுக்குத் தெரிந்ததற்குக் காரணம், பலகையில் தொங்குகிறவன் சிங்காரம். இதே தோட்டத்தில், இதே பேக்டரியில், தங்கையாவோடு எண்ணெய்க் கறையில் புரண்டவன். ஜப்பான்காரன் போன மறுவருஷம் ஈப்போவுக்கு இறங்கி ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டான்.

தங்கையா அந்தப் பந்தயத்தை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறான், இஞ்சினுக்குச் சாமான் வாங்க லோரியில் போன இடத்தில். அதற்குப் பிறகு அவனோடு வேறு எதையும் பேச முடியாமல் போயிற்று. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்கும்போதும், குழாயடியில் காத்து நிற்கும்போதும், "வளைவுல சிங்காரத்தோட காது தரையில உரசுதுடா" என்று ஆரம்பித்துவிடுவான். கேட்டவர்கள் காதில் விழாத மாதிரி போய்விடுவார்கள். பத்திரிகையில் எப்போதாவது இரண்டு வரி வரும். அதிலும் ஓட்டினவன் பெயர்தான் இருக்கும். தொங்கினவன் பெயர் வந்ததே இல்லை. உயிரைப் பணயம் வைக்கிறவன் ஒருவன், பேர் வாங்குகிறவன் இன்னொருவன் என்று தங்கையா மனம் குமைந்துபோனான்.

நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க மலாயாவில் அவசர காலம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தாப்பா ரோட்டில் முன்னாலும் பின்னாலும் ராணுவ வண்டி வர, கூட்டம் சேர்ந்துதான் எந்த வண்டியும் மலையிலிருந்து இறங்க முடியும். ஜனங்கள் குடியிருக்கிற லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டாயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கம்பிக்கு வெளியே தலை தெரிந்தால் சுடலாம். காட்டிலிருந்து வருகிறவன் அரிசி கேட்பான். கொடுத்தால் போலீஸ் பிடிக்கும், கொடுக்காவிட்டால் அவன் மரத்தில் கட்டிவைப்பான். இந்த லட்சணத்தில் பந்தயம் பார்க்க ஈப்போவுக்குப் பாஸ் கேட்டால் துரை சிரிக்கக்கூட மாட்டார். மிச்சமிருந்த ஒரே வழி வானொலி.

தோட்டத்தில் யாரிடமும் வானொலிப் பெட்டி கிடையாது. பக்கத்து ஊரான ரிங்லெட்டில் நசுருதீன் பாயின் சாப்பாட்டுக் கடையில் ஒன்று இருந்தது, பேட்டரியில் பாடுவது. ஞாயிற்றுக்கிழமை பகலில் நாலு மணி நேரம் வெளியே போக அனுமதி உண்டு. அந்த நாலு மணி நேரமும் தங்கையா பாய் கடையில்தான். குதிரை ஓடுவதைச் சொல்கிறார்கள், பந்து விளையாடுவதைச் சொல்கிறார்கள், மூன்று சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ் அறிவிப்பாளர், நேயர்கள் என்ன கேட்க விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள், பலரும் சேர்ந்து கேட்டால் ஆவன செய்வோம் என்று சொல்லிவைத்தார். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார் அவர். இங்கே தங்கையா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"பாய், எழுதிருவமா?"

"எத்தனை பேரு இருக்கீங்க?" என்றார் நசுருதீன்.

"என்ன விட்டுப் பதினோரு பேரு. எல்லாம் சிங்காரத்தோட பழைய கூட்டாளிங்க."

"பதினோரு பேரு எழுதுனா கிழிச்சுப் போட்டுருவான் லா. அறுவது பேரு கையெழுத்துப் போட்டுப் பாரு. யாருடா இவனுங்கன்னு படிக்காம இருக்க முடியாது."

அந்தத் தோட்டத்தில் மனு எழுதுவதற்கென்று ஒரு முறை இருந்தது. நாற்பத்தேழில் தண்ணீர்க் குழாய் கேட்டு வரிசையாகப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். முதல் பேர் வைத்தவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டார். இரண்டாவது பேருக்கு வேலை போயிற்று. மூன்றாவது பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு ஜனங்கள் படித்த பாடம் இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து மனு என்றால் வட்டம்தான். பிஸ்கட் டின் மூடியை வைத்து வட்டம் போட்டு, அதைச் சுற்றிப் பேர்களை ஆரக்கால் மாதிரி எழுதி, ஒவ்வொரு பேரின் நுனியிலும் கைநாட்டு. முதலும் இல்லை, கடைசியும் இல்லை. சக்கர மனு என்று பேர். யார் ஆரம்பித்தது என்று துரையால் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு.

தேயிலைப் பெட்டிக்கு முத்திரை குத்துகிற கறுப்பு மையைச் சிகரெட் டின்னில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, தங்கையா லயம் லயமாகப் போனான். பதினோரு பேர் சுலபமாகச் சேர்ந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் கதவைச் சாத்தினான். பதின்மூன்றாவது ஆள், "ஏன்யா, காலங்கெட்ட காலத்துல கைநாட்டு வாங்கிக்கிட்டு அலையிற? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்று விரட்டினான். தங்கையா இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்து வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பொய் சொல்ல ஆரம்பித்தான்.

பெரிய பொய்யாக எதுவும் சொல்லவில்லை என்று அவனே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். மேல் லயத்தில் இன்னொரு குழாய்க்கு என்றான். பெண்களிடம், அளந்து போடுகிற அரிசியைக் கொஞ்சம் கூட்டித் தரச்சொல்லி என்றான். சிலரிடம் கோயில் திருவிழாவுக்கு அனுமதி என்றான். அவரவருக்கு எது வேண்டுமோ அதுதான் மனுவில் இருந்தது. படிக்கத் தெரியாத ஜனம். கட்டைவிரலை மையில் தோய்த்து, நல்லது நடக்கட்டும் என்று வைத்தது.

அறுபத்து இரண்டாவது கைநாட்டு வேலாயியுடையது. அவளிடம் அவன் பொய்கூடச் சொல்லவில்லை. அவள்தான் கேட்டாள்.

வேலாயியின் புருஷன் காத்தமுத்து, தேயிலைக் காட்டில் கவாத்து வெட்டுகிறவன், நல்ல சாப்பாட்டுக்காரன். போன வருஷம் வாசலில் சோதனை போட்டபோது அவன் தூக்குச் சட்டியில் இரண்டு பேருக்கான சோறு இருந்தது. இன்னொரு ஆள் சோறு காட்டில் யாருக்கு என்று கேட்டார்கள். நான்தான் அத்தனையும் தின்பேன் என்றான். யாரும் நம்பவில்லை. தெற்கே எங்கோ ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலாயி கொழுந்து பறிக்கிறாள். தங்கையா காகிதத்தோடு போய் நின்றபோது, அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்து, "இது அவர விடச் சொல்லித்தானேண்ணே?" என்று கேட்டாள்.

தங்கையா தலையை ஆட்டினான். அவ்வளவுதான். அவள் கையைக் கழுவி, புடவையில் துடைத்து, வட்டத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்து, காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மிச்சமிருந்த ஒரு சந்தில் தங்கையா தன் விரலை வைத்து வட்டத்தை மூடினான்.

"அறுபத்து மூவரையும் சேத்தாச்சு. அப்படியே கோயிலையும் கட்டிருங்க" என்று அவன் பெண்டாட்டி ருக்குமணி நொடித்தாள். அவள் விரலும் அதில் ஒன்று. தனித்தாளில் அவன் எழுதின கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஈப்போ சைட்கார் பந்தயத்தை அரைமணி நேரமாவது தமிழில் வர்ணித்துச் சொல்லவேண்டும், தொங்குகிறவர் பெயரையும் சொல்லவேண்டும், இப்படிக்குச் சக்கரத்தில் உள்ளவர்கள். ருக்குமணி சிரிக்கவில்லை. "ஏங்க, இத போலீஸ்காரன் பாத்தா நம்புவானா?" என்றாள். தங்கையா அப்போதுதான் அதை யோசித்தான். ஆனால் பாய் தபாலில் போட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். போட்டும்விட்டார்.

பத்தாம் நாள் காலையில் கம்பி வாசல் திறக்கவில்லை.

கொழுந்துக் கூடைகளோடு ஜனங்கள் வாசலில் நின்றார்கள். பனிமூட்டத்துக்குள் மூன்று லோரிகள் வந்து நின்ற சத்தம் கேட்டது. போலீஸ்காரர்கள் குதித்து இறங்கி லயத்தைச் சுற்றிக்கொண்டார்கள். தங்கையா மற்றவர்களைப்போலவே பயந்தான், கூடுதலாக இல்லை. மாதம் ஒருமுறை நடக்கிற கூத்துதான். யாரோ எங்கோ அரிசி கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தான். எல்லோரையும் பெரட்டுக் களத்துக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் குந்தவைத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஸுல்கிஃப்லி, உயரமான மலாய்க்காரர், தூக்கம் கெட்ட முகம், ஒரு காகிதத்தைக் கிராணி பழனியப்பனிடம் நீட்டினார். கிராணி அதை வாங்கிப் பார்த்தார். படிப்பதற்காகக் காகிதத்தைக் கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். கார் ஓட்டுகிறவர் மாதிரி அவர் கையில் காகிதம் சுழல்வதைப் பார்த்ததும் அது எந்தக் காகிதம் என்று தங்கையாவுக்குத் தெரிந்துவிட்டது.

கிராணி அறுபத்து மூன்று பேர்களையும் வாசித்து வரிசையில் உட்காரவைத்தார். வட்டத்தின் உச்சியில் ஆரம்பித்தார். யாராக இருந்தாலும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். தங்கையாவும் அங்கேதான் ஆரம்பித்திருந்தான். ஆக, முதலும் கடைசியும் இல்லாத சக்கரத்தில் சிங்காரத்தின் கூட்டாளிகள் பதினோரு பேர் முதலில் வந்தார்கள், தங்கையா கடைசியில் வந்தான். அவனுக்கு முன்னால் வேலாயி.

"துவான் சொல்றத அப்படியே சொல்றேன், கேட்டுக்குங்க" என்றார் கிராணி. துவான் என்று இன்ஸ்பெக்டரைக் கையால் காட்டினார். "இந்த மனு ரேடியோ ஸ்டேஷன்லேருந்து போலீசுக்கு வந்துருச்சு. இந்தத் தோட்டத்துல ஒரு ரேடியோ கிடையாது. ஆனா அறுவத்து மூணு பேரு ரேடியோவுல மோட்டார் பந்தயம் வேணும்னு கைநாட்டு வச்சிருக்கீங்க. அதுவும் வட்டமா. இதுக்குத் தலைவன் யாருன்னு துவானுக்குத் தெரியல. அதனால எல்லாரையும் தலைவனா நினைச்சிருக்காரு. காட்டுல உள்ளவனுக்குக் குடுத்த சத்தியம் இதுன்னு அவர் ஆளுங்க சொல்றாங்க. ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டு எதுக்கு வச்சேன்னு கேப்பாரு. எல்லாரும் ஒண்ணே சொன்னா வீட்டுக்குப் போகலாம். ஆளுக்கொண்ணு சொன்னா அந்த லோரி மூணும் உங்களுக்குத்தான்."

தங்கையா கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆளுக்கொன்று சொல்லப்போகிறார்கள். குழாய் என்பாள் ஒருத்தி, அரிசி என்பாள் இன்னொருத்தி, திருவிழா என்பான் ஒருவன். காட்டுக்காரன்கள் சந்தா பிரிப்பதும் இப்படித்தானே, ஆளுக்கு ஒரு கதை சொல்லித்தானே! எழுந்து நின்று, நான்தான் எல்லோரையும் ஏமாற்றினேன் என்று சொன்னால் முடிந்தது. சொல்லவேண்டும் என்று நினைத்தான். நினைத்தபடியே குந்தியிருந்தான். எழுந்தால் சுட்டுவிடுவார்களோ என்று ஒரு சாக்கு. யாரும் அவனைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டியிருக்கவில்லை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகைக்குள் மேஜை போட்டார்கள். வாசலில் தார்ப்பாய் தொங்கியது. முதல் ஆள் உள்ளே போனான். பதினோரு கூட்டாளிகளும் ஒவ்வொருவராகப் போய் முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் வேலை பார்த்தவள் ருக்குமணி. புருஷன் வாயில் ஈ நுழைவது தெரியாமல் உட்கார்ந்திருப்பதை ஒரு பார்வை பார்த்தாள். காவல்காரன் நடந்து தூரப் போனபோது முன்னால் இருந்தவளின் இடுப்பில் விரலால் குத்தினாள்.

"மூணு சக்கரம். ஈப்போ. சிங்காரம் தொங்குவான். ரேடியோவுல தமிழ்ல சொல்லணும். முன்னாடி இருக்கவகிட்டயும் சொல்லு."

"என்னாது? குழாய்க்குன்னாரே உன் வீட்டுக்காரரு?"

"குழாயும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. சொன்னதச் சொல்லுடி, இல்லன்னா செத்தோம்."

அந்தப் பேச்சு வரிசையில் நகர்ந்தது. முன்னாலும் போயிற்று, பின்னாலும் போயிற்று. ஜனங்கள் தலையைத் திருப்பித் தங்கையாவைப் பார்த்தார்கள். சிலர் முறைத்தார்கள். ஒரு கிழவன் காறித் துப்பினான். ஆனால் உதடுகள் அசைந்தன. மூணு சக்கரம், ஈப்போ, சிங்காரம். வாழ்நாளில் மோட்டார் சைக்கிளைக் கிட்டத்தில் பார்க்காத அம்மாக்கண்ணு, கண்ணை மூடிக்கொண்டு சாமி பேர் சொல்வதுபோல் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். முடித்தவர்களைக் களத்தின் எதிர்ப்பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பனி விலகி வெயில் வந்தது. வெயில் போய் மறுபடி பனி வந்தது. ஒருமுறை கொட்டகைக்குள் யாரோ உரக்கச் சிரித்த சத்தம் கேட்டது. அம்மாக்கண்ணு, சிங்காரத்தின் மேல் மூன்று சக்கரம் ஏறும் என்று சொல்லிவிட்டாளாம். அது பிறகு தெரிந்த சேதி. அப்போது அந்தச் சிரிப்பு அடியைவிடக் கொடுமையாக இருந்தது.

வேலாயிக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. தங்கையா கவனித்தபோது வரிசையில் ஒரு கை எண்ணிக்கைதான் மிச்சமிருந்தது. அவனுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தவள் தலைக்கு எண்ணெய் வைத்து அழுத்திச் சீவியிருந்தாள். தீபாவளிக்கு எடுத்த புடவை. காலையில் கூடையோடு வாசலில் நின்றவள், சக்கர மனுவில் தன் பேரை வாசித்ததும் போலீஸ்காரனிடம் கெஞ்சி வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். கிராணி மோட்டார் பந்தயம் என்று சொன்னபோது அவள் களத்தில் இல்லை. மடியில் ஒரு துணிமூட்டை. ருக்குமணி உள்ளே போகுமுன் தங்கையா பக்கம் குனிந்து சொன்னாள்: "அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க தலையாட்டுனது, நீங்கதான் சொல்லணும்."

வேலாயி திரும்பினாள். அந்தக் களத்தில் சிரித்த முகம் அது ஒன்றுதான்.

"பதில் வந்துருச்சேண்ணே" என்றாள் ரகசியமாக. "லெட்டர் போடுவாங்கன்னு நெனச்சேன். ஆளுங்களே நேர்ல வந்துட்டாங்க. அவரோட சட்டை ரெண்டு எடுத்தாந்திருக்கேன். குடுத்தா கொண்டுபோயி குடுப்பாங்களா?"

தங்கையா அந்த மூட்டையைப் பார்த்தான். இவள் உள்ளே போய், என் புருஷனை விடச்சொல்லித்தான் வைத்தேன் என்று சொல்லுவாள். சந்தோஷமாகச் சொல்லுவாள். முகாமில் இருக்கிறவனை விடச்சொல்லி ஊரே வட்டமாகக் கைநாட்டு வைத்திருக்கிறது என்று எழுதிக்கொள்வார்கள். முன்னால் போன அறுபத்தோரு பேரும் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள் என்பது அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும். அவளுக்கு முன்னால் இரண்டு பேர்தான் பாக்கி, அதற்குள் சொல்லியாகவேண்டும். காவல்காரன் பக்கத்தில் வந்து நின்றான். நெருப்புப் பெட்டியைத் தட்டி, சிகரெட் பற்றவைத்து, நிதானமாகப் புகையை விட்டு, பிறகு நகர்ந்தான்.

"வேலாயி" என்றான் தங்கையா. "அதுல காத்தமுத்து பேரு இல்லம்மா."

"எதுல?"

"மனுவுல. அது மோட்டார் பந்தயத்துக்கு எழுதுனது. நம்ம சிங்காரம் தொங்குறானே, அதுக்கு. காத்தமுத்துவ விடச்சொல்லி நான் எழுதல."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. சிரிப்பு முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

"நீங்க தலையாட்டுனீங்களேண்ணே."

"ஆட்டுனேன்."

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தங்கையாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் மேலே சொல்லவேண்டியதையும் சொல்லியாக வேண்டியிருந்தது. அதற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டு சொன்னான்.

"உள்ள போயி மோட்டார் பந்தயம்னு சொல்லிரும்மா. மூணு சக்கரம். ஈப்போ. ரேடியோவுல தமிழ்ல... நீ வேற சொல்லிட்டா எல்லாரையும் ஏத்திருவாங்க. உன் பிள்ளைங்க..."

"வேலாயி!" என்று கூப்பிட்டார்கள்.

அவள் எழுந்தாள். துணிமூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தார்ப்பாயை விலக்கி உள்ளே போனாள். தங்கையாவைக் கொட்டகை வாசலுக்கு நகர்த்தி நிற்கவைத்தார்கள். அடுத்தது அவன். உள்ளே பேசுவது காதில் விழுந்தது. விழாமல் இருந்திருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார். கிராணி தமிழில் கேட்டார். எதுக்கு வச்ச?

தங்கையா மூச்சை எண்ணினான். ஏழு மூச்சு.

"மோட்டார் பந்தயத்துக்கு" என்றாள் வேலாயி. பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "மூணு சக்கரம். ஈப்போவுல. சிங்காரம் தொங்குவாரு. ரேடியோவுல தமிழ்ல சொல்லணும்."

தங்கையா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டான். முடிந்தது, பிழைத்தோம் என்று நினைத்தான். ஆனால் உள்ளே நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் அவளுடைய கார்டைப் பார்த்து எதையோ கண்டுகொண்டிருக்கவேண்டும். இந்த முறை நீளமாகப் பேசினார்.

"உம் புருஷன் முகாம்ல இருக்கான்" என்றார் கிராணி. "ஒரு வருஷமாச்சு. ரெண்டு பிள்ளைங்க. இவ்வளவு கஷ்டத்துல உனக்கு மோட்டார் பந்தயம் கேக்குதான்னு துவான் கேக்குறாரு. நெசத்தச் சொல்லு. அவனுக்காகத்தானே வச்ச?"

வரிசையில் இப்போது தங்கையா ஒருவன்தான். எதிர்ப்பக்கத்தில் அறுபத்தோரு பேர் உட்கார்ந்து கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது, யாரோ வாயைப் பொத்தினார்கள். லோரிக்காரன் ஒருவன் பின்கதவின் கொண்டியைக் கழற்றிக் கீழே இறக்கிவைத்தான். தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடி, அவளை விடுங்கள் என்று கத்தவேண்டும்போல் இருந்தது தங்கையாவுக்கு. தூணை விட்டு நகரவில்லை.

"அவருக்கு யாரும் மனு எழுதலைங்க" என்றாள் வேலாயி. "இதுக்குத்தான் எழுதுனாங்க. கேட்டாங்க, வச்சேன்."

கிராணி அதை மலாயில் சொன்னார். இன்ஸ்பெக்டர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வேலாயி வெளியே வந்தாள். தங்கையாவைக் கடந்து போனாள். மூட்டை இன்னும் இடுப்பிலேயே இருந்தது.

தங்கையா உள்ளே போனான். மேஜையின் மேல் சக்கரம் கிடந்தது. அதன்மேல் தேத்தண்ணி டம்ளர் வைத்த ஈரம். இன்ஸ்பெக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். எதுக்கு வச்ச என்று கேட்டார்கள். தங்கையா சொன்னான். எந்த வளைவில் எந்தப் பக்கம் தொங்கவேண்டும் என்பதுவரை சொன்னான், பயத்தில் நிறுத்தத் தெரியவில்லை. போதும் என்று இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். ஏதோ சொன்னார். கிராணி அதைத் தமிழில் சொன்னார்: "ஒரு நாள் பூரா வீணாப்போச்சுங்கிறாரு. இனிமே இந்த மாதிரி வட்டம் கிட்டம் போட்டா, படிக்கவே மாட்டாராம், நேரா ஏத்திருவாராம். சரி, வேற எதாவது சொல்றதுக்கு இருக்கான்னு கேக்குறாரு."

இருந்தது. காத்தமுத்து என்று ஒருவன், கவாத்து வெட்டுகிறவன், அந்தச் சோறு முழுவதும் அவன் தின்கிற சோறுதான், அவனோடு சேர்ந்து எத்தனையோ நாள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாலு வாக்கியம். அதைக் கேட்கக்கூடிய ஆள் எதிரில் உட்கார்ந்து, சொல் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு நாள் இனி வராது என்று தங்கையாவுக்குத் தெரிந்தது. மேஜையின் ஓரத்தில் அவனுடைய அடையாளக் கார்டு இன்ஸ்பெக்டரின் விரலுக்கு அடியில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லைங்க துவான்."

கார்டு கைக்கு வந்தது. லோரிகள் காலியாகவே கிளம்பிப் போயின. கம்பி வாசலைத் திறந்தார்கள். ஜனங்கள் லயத்தைப் பார்த்து நடந்தார்கள். யாரும் தங்கையாவை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. ருக்குமணிகூட முன்னால் போய்விட்டாள். வேலாயி மட்டும் களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் வரும்வரை காத்திருந்தாள்.

"உங்ககிட்ட என்னண்ணே கேட்டாங்க?"

தங்கையா நின்றான். இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"வேற எதாவது சொல்லணுமான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

வேலாயி தலையை ஆட்டினாள். துணிமூட்டையை அவிழ்த்து, உள்ளே இருந்த சட்டைகளை எடுத்து உதறி, பனி ஈரம் பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டாள். பிறகு பிள்ளைகளைத் தேடி நடந்தாள்.